மின்கம்பி எட்டாத இடத்தில்

நுழையும்முன்

சுவரில் உள்ள பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது. அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மின்கம்பி இல்லாத மலையிலும், மின்கம்பி அறுந்துபோன பேரிடர்க் காலத்திலும் ஒவ்வொரு துளி மின்சாரத்தையும் எண்ணியே செலவிட வேண்டும். அவ்வாறு எண்ணிச் செலவிடுவதையே ஒரு கலையாகப் பயின்றவர்கள் ஹாம் வானொலியினர். அவர்களிடமிருந்து நாம் கற்கத்தக்கவை யாவை எனக் காண்போம்.

நின்றுபோன நகரம்

2020ஆம் ஆண்டு அக்டோபர் 12, திங்கட்கிழமை. காலை பத்து மணியளவில் மும்பை, தாணே, நவி மும்பை ஆகியவற்றின் பெரும்பகுதியில் மின்சாரம் ஒருசேர நின்றது. முலுண்ட் மக்கள் நாள்தோறும் நம்பியிருக்கும் மையத் தடத்திலும், மேற்குத் தடத்திலும் மின்தொடர்வண்டிகள் ஓடவில்லை. மருத்துவமனைகள் தம் மின்னாக்கிகளை இயக்கிக்கொண்டன. பெருந்தொற்றுக் காலமாகையால் வீட்டிலிருந்தே கைப்பேசி வழியாகப் பயின்ற மாணவர்களின் வகுப்புகளும் இடையில் அறுந்தன. சில மணி நேரத்தில் மின்சாரம் படிப்படியாகத் திரும்பியது. அந்த நாளில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள்.

அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று, சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. நகரின் பல பகுதிகளில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. தொலைபேசிகளும் செயலிழந்தன. கைப்பேசிக் கோபுரமும் மின்சாரத்தால் இயங்குவதே. அதன் அடியில் மின்கலங்கள் வைக்கப்பட்டிருந்தாலும் அவை சில மணி நேரமே தாங்கும். ஆகவே, மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் பேச்சும் நின்றுவிடும். அந்நிலையிலும் பேச வல்லது எது?

ஹாம் வானொலி

வானொலி நிலையம் பேசும்; நாம் கேட்போம். நமக்குப் பழக்கமான வானொலி இதுவே. ஹாம் வானொலியில் தனி மனிதர் ஒருவரே பேசவும் கேட்கவும் செய்கிறார். அவருக்கும் மறுமுனையில் இருப்பவருக்கும் இடையே கோபுரமோ கம்பியோ இணையமோ தேவையில்லை. சிற்றலைகள் வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்புவதால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்கும் செய்தி செல்லும்.

இதனை எவரும் விரும்பியவாறு இயக்கிவிட முடியாது. நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் வென்று உரிமம் பெற வேண்டும். பன்னிரண்டு வயது நிறைந்தவர் அத்தேர்வை எழுதலாம். உரிமம் பெற்றவருக்கு அவருக்கே உரிய அழைப்புக்குறி ஒன்று வழங்கப்படும். வணிகத்துக்கோ வருவாய்க்கோ இவ்வானொலியைப் பயன்படுத்தக் கூடாது. அறிவு வேட்கைக்காகவும் நட்புக்காகவும் தொண்டுக்காகவும் மட்டுமே இது இயங்குகிறது.

கடல் பொங்கிய காலை

2004ஆம் ஆண்டு திசம்பர் மாதம். அந்தமான் தீவுகளிலிருந்து ஹாம் வானொலியை இயக்க அரிதாகவே இசைவு கிடைத்துவந்தது. அந்த இசைவைப் பெற்று, பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் தங்கி, உலகெங்கும் உள்ள ஹாம் வானொலியினரோடு பேசிவந்தது. திசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணியளவில் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் முதல் நிகோபார் வரை எத்தனை உயிர்களைக் கொண்டது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

தீவுகளுக்கும் தாய்நிலத்துக்கும் இடையே தொலைபேசித் தொடர்பு அற்றுப்போனது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த கருவிகளே உயிர்காக்கும் கருவிகளாக மாறின. அக்குழுவினர் தாய்நிலத்துக்குச் செய்தி அனுப்பினர். அவர்களுள் ஒருவர் கார் நிகோபாருக்கே சென்று அங்கிருந்தும் வானொலியை இயக்கினார். உயிரோடு இருப்பவர் யார், எவருக்கு எவ்வுதவி வேண்டும் என்னும் செய்திகள் வான்வழியே சென்றன. தமிழர் பலரும் வாழும் தீவுகள் அவை. தமிழகத்திலும் வேறு மாநிலங்களிலும் கலங்கிக் காத்திருந்த உறவினர்க்கு ஒரு பெயரும் 'நலம்' என்னும் ஒரு சொல்லும் எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும்!

அதே நாள்களில் இலங்கை வானொலிச் சங்கத்தினர், பேரழிவுக்குள்ளான அம்பாந்தோட்டையையும் கொழும்பில் பிரதமரின் அவசர நிலை அறையையும் சிற்றலை வழியே இணைத்தனர்.

மின்கம்பங்கள் வீழ்ந்த ஊரில் வானொலி மட்டும் இருந்து பயனில்லை. அது பேசுவதற்கான மின்சாரத்தையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். எவ்வளவு கொண்டுசெல்வது? இங்கேதான் கணக்குத் தொடங்குகிறது.

எதைச் சுமப்பது?

நம் ஊருக்கு அருகிலேயே சகியாத்திரி மலைத்தொடர் உள்ளது. லோணாவளாவுக்கு அருகில் உள்ள ராஜ்மாச்சிக் கோட்டைக்கு, உரிமம் பெற்ற ஒருவருடன் ஓர் இரவு பாசறைக்குச் செல்வதாகக் கொள்வோம். பேரிடருக்கான பயிற்சியை அமைதியான நாளில் இத்தகைய இடத்தில்தான் பெற முடியும். அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டு முதல் இதற்கென்றே ஒரு நாள் கொண்டாடப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் ஹாம் வானொலியினர் வெட்டவெளிக்குச் சென்று, வீட்டு மின்சாரம் இன்றித் தம் நிலையங்களை இயக்குவர். மின்கலம் அல்லது சூரிய ஒளியைக் கொண்டு, 5 வாட்டுக்கு மிகாமல் இயக்குவோர்க்கு ஐந்து மடங்கு மதிப்பெண் வழங்கப்படும்.

ஹாம் கருவிகளுள் பெரும்பாலானவை ஏறத்தாழ 13.8 வோல்ட்டு மின்னழுத்தத்தில் இயங்குமாறு செய்யப்பட்டவை. மின்னேற்றம் பெறும் நிலையில் ஒரு மகிழுந்து மின்கலம் தரும் அழுத்தமும் ஏறத்தாழ அவ்வளவே. எனவே, 12 வோல்ட்டு மின்கலம் எதனையும் கருவியோடு நேராக இணைக்கலாம். வீட்டில் உள்ளது போன்ற இன்வெர்ட்டரை இடையில் வைத்து மின்சாரத்தை 230 வோல்ட்டாக உயர்த்தி, மீண்டும் 12 வோல்ட்டாகக் குறைப்பது வீண். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பங்கு வெப்பமாகக் கழியும்.

மின்கலத்தின் கொள்ளளவை ஆம்பியர்-மணி என்னும் அலகால் குறிப்பர். கணினிக்கான யுபிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் சிறிய காரீய அமில மின்கலத்தில் '12 வோல்ட்டு, 7 ஆம்பியர்-மணி' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். அது இரண்டு கிலோவுக்குச் சற்று மிகுந்த எடையுடையது. தோளில் சுமந்து மலையேறலாம். வீட்டு இன்வெர்ட்டரின் பெரிய மின்கலத்தைச் சுமந்து ஏற இயலாது. காரீய அமில மின்கலத்தை முற்றிலும் வடித்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே, பாதியை மட்டுமே செலவிட வேண்டும். 7 ஆம்பியர்-மணியில் நமக்குக் கிடைப்பது 3.5 மட்டுமே.

இனி, செலவைப் பார்ப்போம். 100 வாட் ஆற்றலுடைய ஒரு கருவி, கேட்கும்போது 1 ஆம்பியர் மின்னோட்டத்தையும் முழு ஆற்றலில் அனுப்பும்போது 20 ஆம்பியரையும் எடுப்பதாகக் கொள்வோம். 5 வாட் ஆற்றலுடைய சிறு கருவி, கேட்கும்போது அரை ஆம்பியரும் அனுப்பும்போது 2 ஆம்பியரும் எடுக்கும். ஒரு மணி நேரத்தில் 45 நிமிடம் கேட்டு, 15 நிமிடம் பேசினால் செலவு எவ்வளவு?

பெரிய கருவி: கேட்க 1 × 0.75 = 0.75; பேச 20 × 0.25 = 5. மொத்தம் 5.75 ஆம்பியர்-மணி.

சிறிய கருவி: கேட்க 0.5 × 0.75 = 0.375, பேச 2 × 0.25 = 0.5. மொத்தம் 0.875 ஆம்பியர்-மணி.

நம்மிடம் இருப்பது 3.5. சிறிய கருவி நான்கு மணி நேரம் இயங்கும். பெரிய கருவியோ ஏறத்தாழ 36 நிமிடத்தில் ஓய்ந்துவிடும். மிகுந்த மின்னோட்டத்தை ஒரே வேளையில் இழுக்கும்போது காரீய மின்கலத்தின் கொள்ளளவே குறைந்துவிடும். ஆதலால் அந்த 36 நிமிடமும் உறுதியில்லை.

இக்காலத்தில் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு மின்கலங்களும் கிடைக்கின்றன. அவை எடை குறைந்தவை. கொள்ளளவில் எண்பது விழுக்காடு வரை செலவிடத் தக்கவை. விலை கூடுதல். அவற்றுக்குரிய மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும்.

குறைந்த ஆற்றல், உயர்ந்த கம்பி

'5 வாட்டில் பேசினால் குரல் இருபதில் ஒரு பங்காகத்தானே கேட்கும்?' என நீங்கள் வினவலாம். அவ்வாறு நிகழ்வதில்லை. கேட்கும் கருவியில் குறிகையின் வலிமையைக் காட்டும் அளவுகோல் ஒன்று உண்டு. அதில் ஒன்று முதல் ஒன்பது வரை படிகள் உள்ளன. அனுப்பும் ஆற்றலை நான்கில் ஒன்றாகக் குறைத்தால், அந்த அளவுகோலில் ஒரே ஒரு படிதான் இறங்கும். 100 வாட்டை 25 ஆக்கினால் ஒரு படி. 25 வாட்டை ஆறேகால் ஆக்கினால் இன்னொரு படி. 5 வாட்டுக்கு வந்தாலும் இறங்குவது இரண்டு படிகளுக்குச் சற்றே கூடுதல். ஏழாம் படியில் கேட்ட குரல் ஐந்தாம் படிக்கு அருகில் கேட்கும். அமைதியான அலைவரிசையில் அதுவே போதும். பேச்சுக்கு மாறாகத் தந்திக் குறிகளான மோர்சு ஒலியில் அனுப்பினால், இன்னும் மங்கிய குறிகையையும் பிரித்தறியலாம்.

குறிகையை வலுப்படுத்த மின்கலத்துக்குச் செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. அது, அலைக்கம்பியை நன்றாகக் கட்டுவது. 7.1 மெகாகெர்ட்சு அலைவரிசைக்கு ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பி போதும். அதனை நடுவில் பிரித்துப் பக்கத்துக்குப் பத்து மீட்டராக, இரு மரங்களுக்கு இடையே உயரக் கட்டுவர். மின்கம்பிகளுக்கு அருகில் கட்டக் கூடாது. இடி இடிக்கும் நேரத்தில் கம்பியைக் கருவியிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

வெயிலை நம்பலாமா?

மலையில் பொழுது விடிந்ததும் சூரிய மின்பலகையை விரிக்கலாம். 50 வாட் பலகை ஒன்று, தெளிவான நாளில் ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு நிகரான ஒளியைப் பெற்றால், 250 வாட்-மணி தர வேண்டும். வெப்பத்தாலும் கம்பியாலும் மின்னேற்றத்தாலும் ஏற்படும் இழப்பைக் கழித்தால் ஏறத்தாழ 175 எஞ்சும். நம் சிறு கருவியின் ஒரு மணி நேரச் செலவு 0.875 × 12, அதாவது 10.5 வாட்-மணி. ஒரு நாள் வெயில் பதினாறு மணி நேரப் பேச்சுக்கு ஈடாகும்.

ஆனால், குளம் நிறைந்திருந்தாலும் குடம் கொள்ளும் நீரே வீட்டுக்கு வரும். நம் மின்கலத்தில் நாம் செலவிடத்தக்க பகுதி 42 வாட்-மணி மட்டுமே. எஞ்சிய வெயிலைச் சேமிக்க இடமில்லை. பகலில் பேசிக்கொண்டே மின்னேற்றினால் மட்டும் அது பயன்படும். மேலும், பலகையின் ஒரு மூலையில் மரக்கிளையின் நிழல் விழுந்தாலும் மின்சாரம் பெரிதும் குறையும். பலகைக்கும் மின்கலத்துக்கும் இடையே மின்னேற்றக் கட்டுப்படுத்தி ஒன்று இருத்தல் வேண்டும். மலிவான கட்டுப்படுத்திகள் சில, வானொலியில் இரைச்சலை எழுப்பும். மங்கிய குரலைத் தேடிக் காத்திருப்பவருக்கு அந்த இரைச்சல் பெருந்தடை. அதனை வீட்டிலேயே இயக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மூடிய பருவம். பெருமழையும் புயலும் வரும் நாள்களிலேயே வானொலி மிகுதியாகத் தேவைப்படும். அந்நாள்களிலேயே வெயில் இராது. ஆகவே, வெயிலை நம்பி மின்கலத்தைக் காலியாக வைத்திருப்பவர் தேவையான நாளில் பேச இயலாது. மேகம் திரள்வதற்கு முன்னரே மின்கலம் நிறைந்திருக்க வேண்டும்.

மின்னாக்கி இருந்தால் கவலையில்லை என்று எண்ணலாம். அதற்கு எரிபொருள் வேண்டும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமும் நிறமும் அற்ற நச்சு வாயு. கூடாரத்துக்குள்ளும் அறைக்குள்ளும் மின்னாக்கியை ஒருபோதும் இயக்கக் கூடாது.

கம்பியும் உருகியும்

மின்கலத்திலிருந்து கருவிக்குச் செல்லும் கம்பி மெலிதாக இருந்தால், வழியிலேயே மின்னழுத்தம் குறையும். கம்பியின் மின்தடை 0.05 ஓம் எனில், 20 ஆம்பியர் செல்லும்போது ஒரு வோல்ட்டு குறையும். ஏற்கெனவே பாதி வடிந்த மின்கலத்தில் அந்த ஒரு வோல்ட்டு இழப்பு, கருவியை நிறுத்திவிடப் போதும். 2 ஆம்பியர் செல்லும்போதோ குறைவது 0.1 வோல்ட்டு மட்டுமே. கம்பி குட்டையாகவும் தடிமனாகவும் இருத்தல் நன்று.

12 வோல்ட்டு நம்மை உலுக்காது என்பதால் அஞ்சாமல் இருந்துவிடக் கூடாது. மின்கலத்தின் இருமுனைகளையும் ஓர் இரும்புக் கருவி தவறுதலாக இணைத்துவிட்டால், கணநேரத்தில் கம்பி பழுத்துத் தீப்பற்றும். இதனைத் தடுக்கவே மின்கலத்தின் நேர்முனைக்கு மிக அருகில் மின்உருகி பொருத்தப்படுகிறது. கருவியின் பக்கத்தில் மட்டும் பொருத்தினால், இடையில் உள்ள கம்பிக்குக் காவல் இராது.

கேட்பதே முதல்

மேலே கண்ட கணக்கை மீண்டும் பாருங்கள். சிறு கருவியில் பேசுவதற்கு, கேட்பதைப் போல் நான்கு மடங்கு மின்சாரம் செலவாகிறது. பெரிய கருவியில் இருபது மடங்கு. ஆகவே, மின்கலத்தை நீட்டிக்கும் முதல் வழி, குறைவாகப் பேசுவதே. தேர்ந்த ஹாம் வானொலியினர் செய்தியை முதலில் தாளில் எழுதிக்கொள்வர். வேண்டாத சொற்களை அடித்துவிட்டுப் பின்னரே பேசுவர். ஒவ்வொரு மணிக்கும் முதல் பத்து நிமிடம் மட்டும் கருவியை இயக்குவது எனத் தமக்குள் முறை வகுத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் அணைத்துவைப்பர். எவர் பேச வேண்டும், எவர் காத்திருக்க வேண்டும் என்பதை ஒருவர் நெறிப்படுத்துவார். அவசரச் செய்தி ஏதேனும் வந்தால் ஏனையோர் அனைவரும் வாய்மூடி வழிவிடுவர்.

சொல்லைச் செலவிடுவது அங்கே மின்சாரத்தைச் செலவிடுவதாகும். ஒருவர் வீணாகப் பேசிய ஐந்து நிமிடம், பின்னர் வேறொருவர் தம் தாயின் நலம் கேட்பதற்கு இருந்த ஐந்து நிமிடமாக இருக்கக்கூடும். இருப்பதை அளந்தறிந்து, அளவோடு செலவிட்டு, பிறர்க்கும் இடம் விடுவது மலையில் கற்கும் பழக்கம். கடல் பொங்கும் நாளில் அது உயிர்காக்கும்.

சொற்பொருள்

மின்கலம் – பேட்டரி
மின்னோட்டம் – கரண்ட்
மின்னழுத்தம் – வோல்டேஜ்
மின்னேற்றம் – சார்ஜ் ஏற்றுதல்
மின்னாக்கி – ஜெனரேட்டர்
மின்உருகி – ஃபியூஸ்
சூரிய மின்பலகை – சோலார் பேனல்
அலைக்கம்பி – ஆன்டெனா
குறிகை – சிக்னல்
ஆழிப்பேரலை – சுனாமி
பாசறை – வெளியிடத்தில் தங்கும் முகாம்
இசைவு – அனுமதி

மொழியை ஆள்வோம்

'மின்' என்பது தனிக்குற்றெழுத்தை அடுத்து மெய்யெழுத்து வந்து முடியும் சொல். இத்தகைய சொல்லின் முன் உயிரெழுத்து வந்தால், இறுதி மெய் இரட்டிக்கும்.

மின் + ஓட்டம் = மின்னோட்டம்
மின் + அழுத்தம் = மின்னழுத்தம்

வருமொழி உயிர்மெய்யில் தொடங்கினால் இவ்வாறு இரட்டிப்பதில்லை.

மின் + கலம் = மின்கலம்

சேர்த்து எழுதுக: அ) மின் + ஏற்றம் ஆ) கண் + ஒளி இ) பொன் + அணி ஈ) மின் + பலகை

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. காரீய அமில மின்கலத்தின் கொள்ளளவில் நாம் செலவிடத்தக்க பகுதி
அ) முழுவதும் ஆ) பாதி இ) பத்தில் ஒரு பங்கு ஈ) முக்கால் பங்கு

2. மின்உருகியைப் பொருத்த வேண்டிய இடம்
அ) கருவியின் உள்ளே ஆ) அலைக்கம்பியில் இ) மின்கலத்தின் நேர்முனைக்கு அருகில் ஈ) சூரியப் பலகையில்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஹாம் வானொலி, நாம் கேட்கும் வானொலியிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. மின்கலத்துக்கும் கருவிக்கும் இடையே இன்வெர்ட்டரை வைப்பது ஏன் வீண்?
3. மழைக்காலத்துக்கு முன்னரே மின்கலத்தை நிறைத்துவைக்க வேண்டும் என்பதன் காரணம் யாது?

இ. கணக்கிட்டு எழுதுக.

சிறு கருவியில் ஒரு மணி நேரத்தில் 54 நிமிடம் கேட்டு, 6 நிமிடம் மட்டும் பேசினால் செலவாகும் ஆம்பியர்-மணி எவ்வளவு? 3.5 ஆம்பியர்-மணி எத்தனை மணி நேரத்துக்கு வரும்? முன்னர்க் கண்ட நான்கு மணி நேரத்தோடு ஒப்பிட்டு, நீங்கள் அறிந்ததை இரண்டு தொடர்களில் எழுதுக.

ஈ. விரிவாக எழுதுக.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது ஹாம் வானொலியினர் ஆற்றிய தொண்டினை விளக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.

உ. செய்து பாருங்கள்.

1. ஊரில் உள்ள பாட்டிக்கோ தாத்தாவுக்கோ பேரிடர் நாளில் அனுப்ப வேண்டிய செய்தியொன்றைப் பத்துச் சொற்களுக்கு மிகாமல் எழுதுக. யார், எங்கே, எப்படி இருக்கிறார், என்ன தேவை என்பன அதில் இடம்பெற வேண்டும்.
2. திருக்குறளில் 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தைப் படித்து, வரவும் செலவும் பற்றிய இப்பாடக் கருத்தோடு பொருந்தும் குறளைத் தேர்ந்தெடுத்து, வகுப்பில் பொருள் கூறுக.